தினமும் ஓட்டவும் ஆட்டோகிராஸுக்கும் ஒரே ஸ்விஃப்ட்: சஸ்பென்ஷன்ல முதல்ல எதை மாத்தணும்?

கேள்வி: வளைவுக்காரன்

வணக்கம். வண்டி 2010 மாருதி ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ, 1.2 லிட்டர் கே சீரிஸ் பெட்ரோல். 92,000 கி.மீ. ஓடியிருக்கு, சஸ்பென்ஷன் எல்லாம் கம்பெனி போட்டதுதான். கோயம்புத்தூர்–பொள்ளாச்சி ரோட்டுல தினமும் ஆபீஸுக்கு இதே வண்டி. மாசம் ஒருமுறை ஆட்டோகிராஸ், அதாவது மைதானத்துல போட்ட வளைவுத் தடத்தை வேகமா ஓட்டி முடிக்கிற போட்டி, ஓட்டலாம்னு இருக்கேன். வளைவுல ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடிச்சாலும் முன்பக்கம் வெளியே தள்ளுது, பாடியும் ரொம்பச் சாயுது. 40 மி.மீ. இறக்குற ஸ்பிரிங் செட் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். பழைய ஷாக்கோட (ஷாக் அப்சார்பர்) அதை மட்டும் போட்டா போதுமா, இல்ல காயில்ஓவர் (உயரம் மாத்தக்கூடிய ஸ்பிரிங்–ஷாக் செட்) வாங்கணுமா? பட்ஜெட் 60,000 ரூபாய். ஸ்பீடு பிரேக்கர்ல அடி தட்டக் கூடாது.

பதில் 1: கொங்கு கியர்

அந்த ஸ்பிரிங்கை வாங்காதீங்க. இந்த வண்டிக்கு கிரவுண்ட் கிளியரன்ஸ் 170 மி.மீ. அதுல 40 போனா மிச்சம் 130. நாலு பேர் ஏறினா அதுவும் குறையும். ஸ்பீடு பிரேக்கர் கவலை இருக்கிறவருக்கு இது சரிவராது.

அதைவிடப் பெரிய சிக்கல் முன்பக்க மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டோட (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒண்ணா சேர்ந்த தூண்) வடிவத்துல இருக்கு. வண்டியை இறக்கினா, சக்கரத்தைக் கீழே பாடியோட இணைக்கிற லோயர் ஆர்மோட வெளி முனை மேலே ஏறும், ஆர்ம் தப்பான பக்கம் சாயும். அப்போ ரோல் சென்டர் (வளைவுல பாடி எந்தப் புள்ளியைச் சுத்திச் சாயுதோ அது), வண்டியோட கனமையம் இறங்குற அளவைவிட அதிகமா இறங்கிடும். ரெண்டுக்கும் இடையில தூரம் கூடும்போது அதே வளைவுல சாய்க்கிற விசையும் கூடும். ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கிக் கிடைச்ச பலன்ல ஒரு பகுதி இங்கேயே போயிடும். சக்கரத்தைத் திருப்புற டை ராட் கோணமும் மாறும், பள்ளத்துல விழும்போது ஸ்டியரிங் தானா இழுக்கும்.

முன்பக்கம் வெளியே தள்ளுறதுக்குக் காரணம் பாடி சாயுறது மட்டும் இல்ல. சாயும்போது வெளிப்பக்க முன் டயர் தன்னோட வெளி ஓரத்துல நிக்குது, தரையில படியற ரப்பர் குறையுது. ஸ்டாக் (கம்பெனி) செட்டிங்ல கேம்பர், அதாவது முன்னாடி இருந்து பார்த்தா சக்கரம் சாஞ்சு நிக்கிற கோணம், ஏறக்குறைய பூஜ்ஜியம்தான். மேல்பக்கம் உள்ளே சாஞ்சா அது மைனஸ். அதனால செலவு பண்ற வரிசையை மாத்துங்க.

முதல்ல தேய்மானம். 92,000 கி.மீ.க்கு லோயர் ஆர்ம் புஷ் (ரப்பர்), பால் ஜாயின்ட், ஸ்டெபிலைசர் லிங்க் ராட், ஸ்ட்ரட் மவுன்ட் பேரிங் நாலையும் கட்டாயம் பாருங்க. ஜாக்ல தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடிச்சு ஆட்டினா ஆட்டம் தெரிஞ்சா பால் ஜாயின்ட் இல்லேன்னா வீல் பேரிங். பக்கவாட்டுல மட்டும் ஆடினா டை ராட் எண்ட். பிரேக் போடும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் நகர்ந்தா ஆர்மோட பின் புஷ் கிழிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். இதைச் சரி பண்ணாம எந்த ஷாக் போட்டாலும் அலைன்மென்ட் நிக்காது.

அடுத்தது டயர். விஎக்ஸ்ஐல வர்ற 165/80 ஆர்14 டயருக்கு சைடுவால் (பக்கச் சுவர்) உயரமா இருக்கும், வளைவுல மடங்கும். தார்த் தரைக்கு 195/60 ஆர்15 நல்ல மாற்று. விட்டம் 615 மி.மீ., ஸ்டாக் டயர் 620, அதனால ஸ்பீடோமீட்டர் பெரிசா மாறாது. ரிம் 6 இன்ச் அகலம், 4x100 பிசிடி (நாலு போல்ட், 100 மி.மீ. வட்டம்), ஆஃப்செட் (ரிம் எவ்வளவு உள்ளே தள்ளி உட்காருதுங்கிற அளவு) பழைய ரிம்முக்கு முடிஞ்ச வரை பக்கத்துல. ரிம்மோட நடு ஓட்டை 54.1 மி.மீ.யைவிடப் பெரிசா இருந்தா இடைவெளியை நிரப்புற ஹப் ரிங் போடுங்க, இல்லேன்னா 80 கி.மீ. வேகத்துல ஸ்டியரிங் நடுங்கும்.

மூணாவது கேம்பர். ஸ்ட்ரட்டை நக்கிளோட (சக்கரத்தைத் தாங்குற பாகம்) பிடிக்கிற ரெண்டு போல்ட்ல ஒண்ணை மட்டும் கோணத்தை மாத்த உதவுற கேம்பர் போல்ட்டா மாத்தினா 1 டிகிரிக்கு மேல கிடைக்கும். தினசரி ஓட்டத்தோட சேர்த்து மைனஸ் 1.5 போதும். மைனஸ் 2 தாண்டினா நெடுஞ்சாலை ஓட்டத்துல டயரோட உள் ஓரம் சீக்கிரம் தேயும். டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவுல 5 மி.மீ. இடைவெளியாவது இருக்கணும். கேம்பர் மாத்தினா டோ, அதாவது மேலே இருந்து பார்த்தா ரெண்டு சக்கரமும் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிக்கிற அளவு, கண்டிப்பா மாறும், அதனால கேம்பரை முடிச்சிட்டுத்தான் டோ. தினமும் ஓட்ட டோ பூஜ்ஜியம். போட்டிக்கு மொத்தமா 1 முதல் 2 மி.மீ. டோ அவுட் (முன் முனை வெளியே திரும்பினது) வச்சா முன்பக்கம் உடனே திரும்பும், ஆனா நெடுஞ்சாலையில நிலையா நிக்காது. ரெண்டுக்கும் நடுவுல மாத்திக்கிட்டே இருக்க முடியாதுன்னா பூஜ்ஜியத்துலயே விடுங்க.

பதில் 2: டேம்பர் கணக்கு

மேலே சொன்னது சரி. ஸ்பிரிங், ஷாக் பற்றி மட்டும் எண்களோடு சேர்க்கிறேன்.

முன் சக்கரம் ஒன்றின் மேல் ஸ்பிரிங் தாங்கும் எடை சுமார் 265 கிலோ என்றும், ஸ்பிரிங் ஒரு மி.மீ.க்கு 20 நியூட்டன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கின் மேல் வண்டி மேலும் கீழும் ஆடும் அதிர்வெண் 1.4 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவு. இது வசதியான கார்களின் எல்லைக்குள் இருக்கிறது. ஸ்பிரிங்கை 35 நியூட்டனாக்கினால் 1.8 ஹெர்ட்ஸ் ஆகும். தார் மைதானத்தில் சுகம், பொள்ளாச்சி ரோட்டில் முதுகு சொல்லும். தினசரி வண்டிக்கு 25 முதல் 30 சதவீதக் கூடுதல் கெட்டிதான் நான் போகச் சொல்லும் எல்லை. இறக்கம் 15 முதல் 20 மி.மீ., அதற்கு மேல் வேண்டாம்.

பழைய ஷாக்கோடு புது ஸ்பிரிங் போடுவது வீண்செலவு. தேவைப்படும் டேம்பிங் (ஆட்டத்தை ஷாக் அடக்கும் திறன்), ஸ்பிரிங் கெட்டியின் வர்க்கமூலத்தோடு உயரும். ஸ்பிரிங் 30 சதவீதம் கெட்டியானால் டேம்பிங் 14 சதவீதம் கூட வேண்டும். இவ்வளவு ஓடிய ஷாக் புதிதாக இருந்த அளவுக்கே பிடிக்காது, அதன் மேல் இன்னும் கெட்டியான ஸ்பிரிங் ஏறினால் பள்ளத்துக்குப் பிறகு வண்டி இரண்டு மூன்று முறை குதிக்கும். குதிக்கும் நேரத்தில் டயருக்குப் பிடி இல்லை. எண்ணெய் கசியவில்லை என்பதற்காக ஷாக் நல்லது என்று எண்ண வேண்டாம். உள்ளே வால்வும் சீலும் தேய்வது வெளியே தெரியாது.

ஆகவே ஸ்டாக் ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு நல்ல கேஸ் (வாயு நிரப்பிய) ஷாக் நாலும் போடுவதே முதல் படி. 60,000 ரூபாயை டயர், ஷாக், புஷ், கேம்பர் போல்ட், அலைன்மென்ட் என்று பிரித்தால் வண்டி முழுவதும் முன்னேறும். அதே பணத்தில் மலிவான காயில்ஓவர் வாங்கினால் உயரம் மட்டும்தான் மாறும். பல மலிவுக் கிட்களில் உயரத்தைக் குறைக்கும்போது ஷாக் மேலும் கீழும் போகும் தூரமும் சேர்ந்து குறைந்து, பம்ப் ஸ்டாப்பில் (ஷாக் முழுதும் அமுங்காமல் தடுக்கும் ரப்பர்) இடித்தபடியே வண்டி ஓடும்.

ஸ்பிரிங்கை வெட்டச் சொல்பவர்களும் உண்டு. செய்யாதீர்கள். கெட்டி, செயல்படும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 5 சுற்றில் ஒன்றை வெட்டினால் 25 சதவீதம் கெட்டி கூடும். ஆனால் வெட்டிய முனை ஷாக்கின் இருக்கையில் சரியாக அமராது. சக்கரம் தொங்கும் நேரத்தில் ஸ்பிரிங் தளர்ந்து நழுவும், திரும்பி அமரும்போது தப்பான இடத்தில் அமரும்.

பின்பக்கம் டார்ஷன் பீம் (இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே தண்டு), அதனால் கேம்பர், டோ சரிசெய்ய வழி இல்லை. முன்பக்கத் தள்ளலைக் குறைக்க பின் டயர் காற்றழுத்தமே மலிவான வழி. தார்த் தரையில் முன் 36, பின் 34 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். டயர் தோளில் சாக்பீஸ் கோடு போட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். சைடுவாலில் உள்ள முக்கோணக் குறியைத் தாண்டியும் கோடு அழிந்திருந்தால் 2 பிஎஸ்ஐ கூட்டுங்கள். முன்பக்கம் இன்னும் தள்ளினால் பின்னால் 2 பிஎஸ்ஐ ஏற்றுங்கள், பின்பக்கம் எளிதில் சறுக்கித் திரும்பும். ஈரத் தரையில் இதைச் செய்ய வேண்டாம்.

வளைவுக்காரன்:

ரெண்டு பேருக்கும் நன்றி. ஸ்பிரிங்கை விட்டுட்டேன். நான் போகப்போற மைதானம் மண் தரைதான், கல்லும் இருக்கு. அதுக்கும் இதே செட்டிங்கா? ஷாக்கை வீட்டிலேயே மாத்த முடியுமா?

பதில் 3: மண்வாரி

மண் தரைன்னா கணக்கே வேற, முதல் பதிவுலயே சொல்லியிருக்கணும். உயரத்தைத் தொடாதீங்க. ஸ்டாக் ஸ்பிரிங், புது ஷாக், 14 இன்ச் ரிம் போதும். உயரமான சைடுவால் கல்லுல ரிம்மைக் காப்பாத்தும். கேம்பர் மைனஸ் 1, டோ பூஜ்ஜியம். காற்றை 30 பிஎஸ்ஐக்குக் கீழே இறக்காதீங்க, பக்கவாட்டுல சறுக்கிட்டுப் பள்ளத்துல இடிச்சா டயர் ரிம்மை விட்டுக் கழண்டுடும். மிச்சப் பணத்துல இன்ஜின் அடியைக் காக்குற சம்ப் கார்டு தகடு போடுங்க, எண்ணெய் வடிக்கிற இடத்துல ஓட்டை விட்டதா இருக்கணும்.

வீட்டில் மாத்தலாம், ஆனா ஸ்பிரிங் கம்ப்ரஸர் நல்லதா இருக்கணும். ரெண்டு கொக்கியும் எதிரெதிர் பக்கம் மாட்டி, மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க. ஸ்பிரிங் மவுன்ட்டை விட்டு விலகாம நடு நட்டைக் கழட்டவே கூடாது. அழுத்தத்துல இருக்கிற ஸ்பிரிங் பறந்தா கை போயிடும், விளையாட்டு இல்ல. புது ஷாக்ல இம்பாக்ட் கன் வேண்டாம், தண்டு சுத்தி உள்ள சீல் கெடும். தண்டை ஆலன் கீயில பிடிச்சு, புது லாக் நட்டைக் கை ஸ்பேனராலயே இறுக்குங்க. பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர், மவுன்ட் பேரிங் மூணும் புதுசாப் போடுங்க. பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் இருந்தா அதோட ஒயரும் ஸ்ட்ரட் கிளிப்புல இருந்து கழட்ட மறந்துடாதீங்க, ஆர்மைத் தொங்கவிட்டா இழுபட்டு அறுந்துடும்.

நிறைய பேர் பண்ற தப்பு: லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை வண்டி ஜாக்ல தொங்கும்போதே முழுசா இறுக்கிடுறாங்க. வண்டி இறங்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டு நிக்கும், சில மாசத்துல கிழியும். போல்ட்டைக் கையால மட்டும் பிடிச்சு, வண்டியைத் தரையில நிறுத்தி, ரெண்டு தடவை அமுக்கிவிட்டு அப்புறம் டார்க் ரெஞ்ச்சால முறுக்குங்க. சக்கர நட் 85 நியூட்டன் மீட்டர், 50 கி.மீ. ஓட்டின பிறகு மறுபடி பாருங்க. கேம்பர் போல்ட் தலைக்கும் ஸ்ட்ரட்டுக்கும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவிடுங்க. கல்லுல அடிபட்ட பிறகு கோடு உடைஞ்சிருந்தா போல்ட் நகர்ந்திருக்கு, அலைன்மென்ட் போயிடுச்சுன்னு அர்த்தம்.

இன்சூரன்ஸ் பாலிசியையும் எடுத்துப் படிங்க. சொந்தக் கார் பாலிசியில ஒழுங்குபடுத்தப்பட்ட பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கு, மைதானத்துல இடிச்சா காசு வராது. ஒவ்வொரு போட்டி முடிஞ்சும் டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் பூட்லயும் ஸ்ட்ரட் இருக்கையிலயும் ஒட்டின மண்ணை அன்னைக்கே தண்ணி அடிச்சுக் கழுவுங்க. அப்படியே விட்டா ஈரம் உள்ள தங்கி ஸ்பிரிங் சீட்டை அரிக்கும். பூட்ல சின்னக் கிழிசல் இருந்தாலும் கிரீஸோட மணல் சேர்ந்து ஜாயின்ட்டைத் தின்னுடும், ஸ்டியரிங்கை ஒடிச்சுத் திருப்பும்போது டக் டக்னு சத்தம் கேக்கும். அந்தச் சத்தம் வர்றதுக்கு முன்னாடியே பூட்டை மாத்துங்க.