ஆண்ட்ராய்டில் தயாரிப்பாளர் திணித்த ஆப்களை நீக்கினால் இடம் மிச்சமாகுமா?

கேள்வி:
போனோடு வந்த ஆப்களை ஏடிபி (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) மூலம் நீக்கினேன். சிஸ்டம் எடுத்துக்கொள்ளும் இடம் குறையவே இல்லை. ஏன்? கூகுள் வெளியிடும் ஆண்ட்ராய்டையே நேரடியாகப் போட முடியுமா?

பதில் 1:
'பிஎம் அன்இன்ஸ்டால்' கட்டளையில் யூசர் 0 (போனின் முதன்மைப் பயனர்) என்று கொடுத்திருப்பீர்கள். அது அந்தப் பயனருக்கு மட்டும்தான் ஆப்பை எடுக்கும். மூலக்கோப்பு, சிஸ்டத்துக்கென ஒதுக்கிய, எழுத முடியாத சேமிப்புப் பகுதியான சிஸ்டம் பார்ட்டிஷனில் அப்படியே கிடக்கும். பிறகு வந்த அப்டேட்டும் டேட்டாவும் பிடித்திருந்த இடம்தான் மிச்சம். ஃபேக்டரி ரீசெட் செய்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும். தவறாக எடுத்ததை மீட்க 'பிஎம் இன்ஸ்டால் எக்சிஸ்டிங்' போதும். வேறு லாஞ்சர் (முகப்புத் திரையைக் காட்டும் ஆப்) போடாமல் பழையதை மட்டும் எடுக்காதீர்கள், முகப்புத் திரையே இருக்காது.

பதில் 2:
இரண்டாவது கேள்விக்கு: ஆண்ட்ராய்டு 8 உடன் 2017இல் வந்த ட்ரெபிள் என்ற கட்டமைப்பு மாற்றம், வன்பொருள் சார்ந்த பகுதியைத் தனி வெண்டார் பார்ட்டிஷனுக்குப் பிரித்தது. அதனால் தயாரிப்பாளர் மாற்றாத ஆண்ட்ராய்டின் பொதுவான சிஸ்டம் இமேஜ், அதாவது ஜிஎஸ்ஐ, பல போன்களில் ஓடும். முதலில் பூட்லோடரை (போனை இயக்கும்போது சிஸ்டத்தை ஏற்றும் நிரல்) திறக்க வேண்டும். அப்போதே டேட்டா முழுக்க அழியும். சில தயாரிப்பாளர்கள் திறக்கவே விடுவதில்லை.

பதில் 3:
ஜிஎஸ்ஐ ஓடும், ஆனால் அரைகுறையாக. கேமராவின் இரவுப் பயன்முறை போன்றவை தயாரிப்பாளரின் மூடிய ஆப்பில் இருப்பவை, கூடவே போய்விடும். வங்கி ஆப்களும் ஓட மறுக்கலாம். அந்தக் கேமரா ஆப்பின் மூலநிரலைத் தயாரிப்பாளரிடம் கேட்டும் பயனில்லை. ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் 2 உரிமத்தில் இருப்பதால் அதில் செய்த மாற்றங்களின் மூலநிரலைத் தந்தாக வேண்டும். மேலே இருக்கும் ஆண்ட்ராய்டில் பெரும்பகுதி அப்பாச்சி 2.0 உரிமம், அதற்கு அந்தக் கட்டாயம் இல்லை.