மேட்டூர் நீர்த்தேக்கம்: வலை எடுக்கும்போது பரிசல் கவிழ்ந்தது, தவறு எங்கே?

கொளத்தூர்க்காரன்:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் பத்து ஆண்டுகள் பனியன் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய நான், இப்போது என் மைத்துனருடன் சேர்ந்து மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கிறேன். உரிமமும் பரிசலும் அவருடையவை. நான் துணைக்குச் செல்பவன். சென்ற ஆடி மாதத்தில் எங்கள் பரிசல் கவிழ்ந்தது. உயிர் பிழைத்தோம் என்றாலும், அன்று என்ன தவறு செய்தோம் என்பது இன்றுவரை எனக்கு முழுமையாக விளங்கவில்லை.

முந்தைய நாள் மாலை பண்ணவாடிப் பக்கம் விட்டிருந்த நைலான் வலையை எடுக்க விடியற்காலையிலேயே போயிருக்க வேண்டும். வீட்டில் ஒரு வேலை இருந்ததால் நாங்கள் துறையை விட்டுக் கிளம்பும்போது மணி எட்டைத் தாண்டிவிட்டது. பாதி வலை ஏறிய பிறகு, மீதி எதிலோ சிக்கிக்கொண்டு அசையவில்லை. மைத்துனர் விளிம்பில் முழங்காலை ஊன்றி இழுத்தார். அவருக்கு உதவலாம் என்று நானும் அதே பக்கம் நகர்ந்து கயிற்றைப் பிடித்தேன். அதற்குள் மேற்கிலிருந்து காற்று வலுத்து அலை எழும்ப, விளிம்பைத் தாண்டி ஒருமுறை தண்ணீர் ஏறியது. இரண்டாம் முறை ஏறியபோது நாங்கள் இருவரும் நீரில் கிடந்தோம்.

என் வலது கால் வலையில் மாட்டிக்கொண்டது. கையில் கத்தி இல்லை. கணுக்காலில் தோல் உரிய உரிய உருவித்தான் காலை வெளியே எடுத்தேன். எங்களுடையது ஃபைபர் பரிசல். கவிழ்ந்த பிறகு அதன் அடிப்பாகம் மட்டும் நீர்மட்டத்தில் லேசாகத் தெரிந்துகொண்டிருந்தது. மீன் வைத்திருந்த தெர்மோகோல் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கிடந்தோம். காற்று எங்களை நாகமறைக் கரைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனது. அரை மணி நேரம் கழித்து வேறொரு பரிசல்காரர் வந்து ஏற்றிக்கொண்டார். வலையும் கைப்பேசியும் பத்துக் கிலோ ஜிலேபி மீனும் போயின.

என் கேள்விகள் மூன்று. சிக்கிய வலையை எப்படி எடுப்பது? ஃபைபர் பரிசலைவிட மூங்கில் பரிசல் பாதுகாப்பானதா? லைஃப் ஜாக்கெட் போட்டால் அதன் கொக்கிகள் வலையில் மாட்டும் என்று மைத்துனர் மறுக்கிறார், அது சரியா?

துறைப்பெரியவர்:

தம்பி, நீங்கள் பிழைத்தது உங்கள் வீட்டார் செய்த புண்ணியம். நாற்பது ஆண்டுகளாக இந்தத் தண்ணீரில் வலை விடுகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பரிசல் வட்டமாகவும் தட்டையாகவும் இருப்பதால், நடுவில் உட்கார்ந்திருக்கும்வரை அதைப் போல நிலையானது எதுவும் இல்லை. ஒரே விளிம்பில் இரண்டு ஆள் எடையும் நீரூறிய வலையின் எடையும் சேர்ந்துவிட்டால் அது தட்டைப் போலச் சாய்ந்துவிடும். ஒருவர் வலையை இழுத்தால், மற்றவர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து துடுப்பைப் பிடித்திருக்க வேண்டும். உதவிக்கு எழுந்து வருவதுதான் நம் தொழிலில் அடிக்கடி நடக்கும் தவறு. என் தகப்பனார் என்னை முதன்முதலில் ஏற்றியபோது சொன்னதும் இதைத்தான். அதையும் மீறி நான் ஒருமுறை நனைந்திருக்கிறேன் என்பது வேறு கதை.

சிக்கிய வலையை மேல்நோக்கி இழுக்கக் கூடாது. இழுக்க இழுக்கப் பரிசல்தான் தாழும், கீழே இருக்கும் கட்டை வராது. கயிற்றைத் தளர்த்திவிட்டு, சிக்கிய இடத்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், வலை போன திசைக்கு எதிர்த்திசையிலிருந்து மெல்ல இழுத்துப் பாருங்கள், பெரும்பாலும் கழன்றுவிடும். கழலாவிட்டால் ஒரு காலி கேனை மிதவையாகக் கட்டி விட்டுவிட்டுக் கரைக்கு வந்துவிடுங்கள். மறுநாள் காற்று இல்லாத நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

ஆடியில் எட்டு மணிக்கு வலை எடுக்கப் போனதுதான் முதல் தவறு. அந்த மாதத்தில் விடியற்காலை அமைதியாக இருந்தாலும் வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். தொலைவில் தண்ணீர் கருத்துச் சுருக்கம் விழுந்தாற்போல ஒரு பட்டை தெரிந்தால், காற்று நம்மிடம் வந்து சேரச் சில நிமிடங்கள்தான் இருக்கும். அப்போது வலை பாதியில் இருந்தாலும் விட்டுவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் இடி முழங்கினாலும் இதே கதைதான். பரந்த தண்ணீரின் நடுவில் நாம்தான் உயரமான பொருள்.

மதகுக்கண்:

பெரியவர் சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நான் நீர்நிலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன்.

வலை எதில் சிக்குகிறது என்பது அன்றைய நீர்மட்டத்தைப் பொறுத்தது. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணையின் நீர்ப்பரப்புக்கு அடியில் பழைய ஊர்களும் கோயில்களும் மூழ்கிக் கிடக்கின்றன. தண்ணீர் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில் பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நீர்மட்டம் 120 அடியில் இருக்கும்போது இவை ஆழத்தில் இருப்பதால் பரிசலுக்குத் தொல்லை இல்லை. முழுவதுமாக வெளியே தெரியும்போதும் விலகிப் போய்விடலாம். நீருக்கு ஓர் அடி, இரண்டு அடி கீழே மறைந்திருக்கும் நாட்களில்தான் மோதலும் வலைச் சிக்கலும் ஏற்படுகின்றன. சுவர்களும் அடிமரங்களும் அப்படித்தான்.

இன்னொன்று, இந்த நீர்மட்டம் நாம் நினைப்பதைவிட வேகமாக மாறும். 2024 ஜூலை நடுவில் 50 அடிக்கும் கீழே இருந்த மட்டம், கபினியிலும் கிருஷ்ணராஜசாகரிலும் திறந்துவிடப்பட்ட நீரால் அந்த மாதம் 30ஆம் தேதி 120 அடியைத் தொட்டது. இரண்டு வாரங்களில் எழுபது அடி என்றால், போன வாரம் நீங்கள் மனத்தில் குறித்து வைத்த பாறை இந்த வாரம் அந்த இடத்தில் தெரியாது, கரையோரமே வேறாகிவிடும். அத்துடன் ஒகேனக்கல் வழியாக மரக்கட்டைகளும் குப்பையும் அடித்துக்கொண்டு வரும். நாளிதழில் தினமும் வரும் நீர்மட்டத்தையும் நீர்வரத்தையும் பார்த்துவிட்டு வலை விடும் இடத்தைத் தீர்மானியுங்கள். நீர்வரத்து மளமளவென ஏறும் நாளில் போகாமல் இருப்பதே நல்லது.

ஃபைபர்ப்பட்டறை:

பரிசல் செய்து விற்பவன் என்பதால் இரண்டாம் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். மூங்கில் நீரைவிட எடை குறைந்தது. எனவே மூங்கில் பரிசல் நீர் நிறைந்தாலும் மூழ்காது, பிடித்துக்கொள்ளலாம். ஃபைபர் என்பது கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்தது, நீரைவிட எடை கூடியது. உள்ளே காற்றறையோ நுரைக்கட்டியோ அடைக்காமல் செய்தால், அடியில் சிக்கியிருக்கும் காற்று வெளியேறியவுடன் அது கல்லைப் போலப் போய்விடும். அன்று உங்கள் பரிசல் அரைகுறையாக மிதந்தது காற்றால்தான் என்று நினைக்கிறேன். மலிவு விலைக்கு வாங்கும் பரிசல்கள் பலவற்றில் நுரைக்கட்டி கிடையாது என்பதை, என் தொழிலுக்கே பாதகமாக இருந்தாலும், சொல்லித்தான் ஆக வேண்டும்.

சோதிப்பது எளிது. கரையோரம் இடுப்பளவு நீரில் பரிசலைக் கொண்டுபோய் விளிம்புவரை தண்ணீர் நிரப்புங்கள். அடியில் போய்ப் படிந்தால், விளிம்பின் உட்புறம் சுற்றிலும் நுரைக்கட்டி வைத்து மேலே ஃபைபர் பூசச் சொல்லுங்கள்.

ஜாக்கெட் விஷயத்தில் உங்கள் மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை. முன்புறம் மூன்று கொக்கியும் தொங்கும் வாரும் உள்ளது நிச்சயமாக வலையில் மாட்டும். ஜிப் வைத்த, வார் முனைகள் உள்ளே செருகப்பட்ட நுரை ஜாக்கெட்டும் கிடைக்கிறது. அதைப் போட்டுக்கொண்டே என் தம்பி நான்கு ஆண்டுகளாக வலை எடுக்கிறான்.

கொளத்தூர்க்காரன்:

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை துறையில் பரிசலில் தண்ணீர் நிரப்பிப் பார்த்தோம். விளிம்பு முதலில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நாலைந்து குமிழி வந்தது. பிறகு பரிசல் சேற்றில் போய் உட்கார்ந்துவிட்டது. மைத்துனர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, நுரைக்கட்டிக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்கச் சொன்னார். கத்தியை எங்கே வைத்துக்கொள்வது என்பதையும் யாராவது சொல்லுங்கள். மடியில் வைத்தால் நீரில் விழும்போது குத்திவிடாதா?

துறைப்பெரியவர்:

மடியில் வேண்டாம் தம்பி. உறையோடு கூடிய சிறு கத்தியை, முனை கீழ்நோக்கி இருக்குமாறு, இடக்கையால் எட்டும் இடத்தில் மார்புப் பக்கம் கட்டிக்கொள்ளுங்கள். வலக்கை பெரும்பாலும் வலையில் இருக்கும். உறையிலிருந்து ஒரே இழுப்பில் வருகிறதா என்று கரையில் கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை எடுத்துப் பழகுங்கள். இன்னொன்றைப் பரிசலின் உட்புறம் கயிறு போட்டுக் கட்டி வையுங்கள்.