ரோசேசியா: பரு அடங்கியது, சிவப்பு அடங்கவில்லை. அடுத்து என்ன செய்வது?

மல்லிப்பந்தல்:
அம்மாவுக்கு 47 வயசு, மாநிறம். ரெண்டு கன்னத்திலயும் மூக்கிலயும் சிவப்பு, நடுநடுவே சின்னப் பருக்கள். தோல் டாக்டர் ரோசேசியான்னு சொல்லி மெட்ரோனிடசோல் 0.75% ஜெல்லைக் காலை, இரவு போடச் சொன்னாங்க. எட்டு வாரத்துல பரு பாதிக்கு மேல அடங்கிடுச்சு. சிவப்பு மட்டும் அப்படியே நிக்குது, அடுப்பு முன்னாடி போனா முகம் தணலா காயுது. இப்போ அசிலெயிக் ஆசிட் 15% ஜெல் எழுதியிருக்காங்க. போட்டதும் மிளகாய் பட்ட மாதிரி எரியுதாம். எரிச்சல் இல்லாம அதை எப்படிப் போடறது? சிவப்புக்குன்னு தனியா மருந்து இருக்கா? சமையலறைச் சூட்டுக்கு என்ன வழி?

மிளகளவு:
எட்டு வாரத்தில் பரு பாதி அடங்கியது நல்ல பலன், மருந்து தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். பரு என்பது அழற்சி. மெட்ரோனிடசோல், அசிலெயிக், ஐவர்மெக்டின் மூன்றும் அதைத்தான் அடக்குகின்றன. பருவைச் சுற்றிய சிவப்பு அதோடு சேர்ந்து இறங்கும். இரத்தக்குழாய்கள் விரிந்தே நின்றுவிட்டதால் வரும் சிவப்பு இந்த மருந்துகளுக்குப் பெரிதாக மசியாது.

அசிலெயிக் பலருக்கு முதலில் எரியும், ஈரத் தோலில் போட்டால் இன்னும் அதிகமாக எரியும். சோப்பு இல்லாத கிளென்சரை விரல் நுனியால் தடவிச் சாதாரணத் தண்ணீரில் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, 20 நிமிடம் காய விடுங்கள். பிறகு வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர். இன்னும் பத்து நிமிடம் கழித்து ஒரு பட்டாணி அளவு ஜெல்லைக் கன்னம், மூக்கு முழுவதும் மெல்லப் பரப்புங்கள். பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பது வீண். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் இரவு, அடுத்த இரண்டு வாரம் தினமும் இரவு, தாங்கினால் மட்டும் காலையிலும். குறுகுறுப்பு அரை மணிக்குள் அடங்கினால் தொடரலாம். மணிக்கணக்கில் எரிந்தாலோ, தோல் உரிந்தாலோ, வீங்கினாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். மாநிறத்தில் பரு போன இடத்தில் தங்கும் கருமையையும் அசிலெயிக் குறைக்கும், அதனால் எடுத்த எடுப்பில் கைவிட வேண்டாம்.

சுத்தமாகத் தாங்கவில்லை என்றால் ஐவர்மெக்டின் 1% கிரீம் பற்றிக் கேளுங்கள். இரவு ஒருமுறை போதும், எரிச்சலும் குறைவு. தோலில் வாழும் டெமோடெக்ஸ் உண்ணிகளையும் அது குறைக்கிறது. முழுப் பலனுக்கு 12 வாரமாவது பொறுக்க வேண்டும்.

சிவப்புக்கென்றே பிரிமோனிடின் 0.33% ஜெல் உண்டு. குழாய்களைச் சில மணி நேரம் சுருக்கும், அவ்வளவுதான். சிலருக்கு அதன் வேலை தீர்ந்ததும் முன்னைவிட அதிகமாகச் சிவக்கும். கண்ணுக்குத் தெரியும் குழாய்களுக்கு லேசர் உதவும். ஆனால் ஐபிஎல் என்ற பலமான ஒளிவீச்சுச் சிகிச்சை மாநிறத் தோலைச் சுட்டுக் கருமை விடும் ஆபத்து அதிகம். 1064 நானோமீட்டர் என்டி-யாக் என்ற லேசர் வகை ஓரளவு பாதுகாப்பானது. அதையும் முதலில் காதோரம் சிறு இடத்தில் சோதிக்கச் சொல்லுங்கள்.

நிழற்குடை:
சூட்டைப் பற்றி நான் சொல்றேன். எக்ஸாஸ்ட் ஃபேனை அடுப்பு பத்த வைக்கிறதுக்கு முன்னாடியே போடுங்க. கஞ்சி வடிக்கும்போதும் குக்கர் திறக்கும்போதும் ஆவி நேரா முகத்துல அடிக்கும், முகத்தை விலக்கிக்கணும். கழுத்துல குளிர்ந்த ஈரத்துணி, வாயில ஒரு சின்ன ஐஸ் துண்டு. முகத்துல ஐஸ் தேய்க்கவே வேண்டாம். முடிஞ்சா இண்டக்‌ஷன் அடுப்பு நல்லது, சுத்தி அடிக்கற அனல் ரொம்பக் குறைவு.

காபியை நிறுத்தணும்னு அவசியமில்ல. முகம் சிவக்கக் காரணம் பெரும்பாலும் அதோட சூடு, காபீன் இல்ல. ரசத்தையும் ஆற வெச்சுக் குடிக்கலாம். காரத்துக்கு மட்டும் ரெண்டு வாரம் சாப்பாடு, வெயில், முகச் சிவப்பு மூணையும் நோட்டுல குறிச்சுப் பாருங்க. எல்லாருக்கும் எல்லாமே தூண்டாது, காரணமில்லாம அம்மாவோட தட்டைக் காலி பண்ணாதீங்க.

வெயிலுக்கு ஜிங்க் ஆக்சைடு இருக்கற சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 30க்கு மேல. முகத்துக்கும் கழுத்துக்கும் ரெண்டு விரல் நீளம். வெள்ளையா படிஞ்சா நிறம் சேர்த்த வகை வாங்குங்க. எலுமிச்சை, கடலை மாவுத் தேய்ப்பு, ஆவி பிடிக்கறது, பார்லர் பிளீச், மென்தால் தைலம் எதுவும் முகத்துக்கு வேண்டாம்.

மல்லிப்பந்தல்:
நன்றி. ஒண்ணு கேக்கணும். டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி மருந்துக்கடையில வாங்கின ஒரு கிரீமை நாலு மாசம் போட்டிருக்காங்க. டியூப்ல மொமெட்டசோன், ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின்னு இருக்கு. போட்டா அடங்குமாம், விட்டா ரெண்டே நாள்ல திரும்பிடுமாம். இப்பவும் எரிச்சல் தாங்காத அன்னிக்குக் கொஞ்சம் தடவிக்கறாங்க. இதை டாக்டர்கிட்ட சொல்லல.

மிளகளவு:
இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. அது குழாய்களைச் சுருக்கி இரண்டு நாள் வெளுக்க வைக்கும், மாதக்கணக்கில் போட்டால் தோலை மெலியவைத்துச் சிவப்பையும் பருவையும் தானே உண்டாக்கும். நிறுத்தினால் பொங்கும், பொங்குவதால் மறுபடி போடத் தோன்றும். ட்ரெட்டினாயினும் ஹைட்ரோகுயினோனும் ஏற்கெனவே தோலைப் புண்படுத்தியிருக்கின்றன. அசிலெயிக் இப்படி எரிவதற்கு இதுவே பெரிய காரணமாக இருக்கலாம். இந்தியாவில் 2018 முதல் இத்தகைய ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஆனாலும் சிவப்பழகு கிரீம் மாதிரிக் கைமாறிக்கொண்டே இருப்பது வேதனை.

இந்த வாரமே டியூபோடு டாக்டரிடம் போங்கள். உடனே நிறுத்துவதா, குறைந்த வீரிய ஸ்டீராய்டுக்கு இறக்கிப் படிப்படியாக விடுவதா, ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்போ டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையோ துணைக்குத் தருவதா என்பதை அவர் முடிவு செய்வார். நிறுத்திய முதல் வாரங்களில் முகம் மோசமாகத் தெரியும். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அந்த நேரத்தில்தான் கை மறுபடி டியூபைத் தேடும்.

இமைக்கரை:
அம்மாவுக்குக் கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்தலோ, இமை ஓரச் சிவப்போ இருக்கிறதா? ரோசேசியா கண்ணையும் பிடிக்கும். மூடிய இமைமேல் மட்டும் வெதுவெதுப்பான துணியை ஐந்து நிமிடம் வைத்து, இமை ஓரத்தைச் சுத்தம் செய்யலாம். கண்வலி, வெளிச்சக் கூச்சம், பார்வை மங்கல் என்றால் அன்றே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள், அதுவும் முகத்தைச் சிவக்க வைக்கும். தானாக நிறுத்தாமல் எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள். 47 வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்து அனலும் சேர்ந்திருக்கலாம். மூட்டு வலி, வாய்ப்புண் கூடவே இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் என்ற நோயிலும் கன்னம் சிவக்கும், ஆனால் அதில் பெரும்பாலும் பரு இராது.

டாக்சிசைக்ளின் கொடுத்தால் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணியாவது படுக்காமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். பால், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அது வெயிலில் தோலைச் சீக்கிரம் கன்ற வைக்கும் என்பதால் மேலே சொன்ன சன்ஸ்கிரீன் ஒருநாள்கூடத் தவறக் கூடாது.