90 மில்லிகிராம்: எச்சரிக்கையா, உச்சவரம்பா?

வலிசிகிச்சைச் செவிலியர்: "ஓபியாய்டு, அதாவது மார்ஃபின் போன்ற வலுவான வலிநிவாரணி, பற்றிய பயிற்சியில் மருத்துவர்களுக்கு ஒன்றைச் சொன்னால் போதும், எந்த ஓபியாய்டானாலும் அதற்குச் சமமான மார்ஃபின் கணக்கில் ஒரு நாளைக்கு 90 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது" என்று மருந்தாளுநர் ஐயா எழுதியதைப் படித்ததும் ஆத்திரமாக வந்தது. 2016-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அந்த அளவைத் தவிர்க்கும்படியோ, தாண்டினால் அதற்கான காரணத்தைக் கவனமாக நிறுவும்படியோதான் சொன்னது. புற்றுநோய் சிகிச்சையையும் இறுதிக்காலப் பராமரிப்பையும் அது விலக்கியே வைத்திருந்தது.

மருந்தாளுநர்: எண் இல்லாத அறிவுரை காற்றோடு போய்விடும், அம்மா. ஆக்ஸிகோடோன் 60 மில்லிகிராம் என்பது மார்ஃபின் 90-க்குச் சமம் என்று அறியாமலே எழுதப்பட்ட சீட்டு என் கைக்கு வந்தது. அதே சீட்டில், மூச்சை மேலும் அடக்கக்கூடிய பதற்றத் தணிப்பு மருந்தான அல்பிரசோலமும் இருந்தது. அந்த நோயாளிக்கு இரவில் மூச்சு அடங்கியிருந்தால் யார் பதில் சொல்வது? 90 என்றால் 90தான்.

வலிசிகிச்சைச் செவிலியர்: அந்தப் பிடிவாதம் செய்ததை நான் கட்டிலருகே நின்று பார்த்தேன். ஆண்டுக்கணக்கில் 120 மில்லிகிராம் எடுத்துவந்த ஒருவருக்கு, விதி என்று சொல்லி, ஒரே நாளில் 60 ஆக்கினார்கள். மூன்றாம் நாள் தலையணை வியர்வையில் நனைந்திருந்தது, மயிர்க்கூச்செறிந்த கையை என்னிடம் நீட்டி, "நான் என்ன தப்பு செய்தேன்?" என்று கேட்டார். திடீரென நிறுத்துவதும் வேகமாகக் குறைப்பதும் ஆபத்து என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-இல் எச்சரித்தது. நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-இல் திருத்திய வழிகாட்டியின் பரிந்துரைகளில் 90 இல்லை. ஓராண்டுக்கு மேல் எடுத்தவர்களுக்கு மாதம் 10 சதவீதமோ, அதைவிட மெதுவாகவோ குறைக்கச் சொல்கிறது. பயிற்சியில் இதையல்லவா சொல்லித்தர வேண்டும்?

இளமருத்துவர்: எண்ணைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. 1980-இல் மருத்துவ இதழொன்றில் வந்த ஐந்து வாக்கியக் கடிதம், மருத்துவமனையில் ஓபியாய்டு பெற்ற 11,882 பேரில் நால்வருக்கே மருந்துக்கு அடிமையாதல் கண்டதாகச் சொன்னது. அதை நாள்பட்ட வலிக்கும் சான்றாக வைத்துத் தலைமுறை மருத்துவர்களுக்குப் பாடம் நடத்தினார்கள்.

மருந்தாளுநர்: அதனால்தான் எல்லை வேண்டும் என்கிறேன்! தம்பி என் பக்கம்தான் பேசுகிறார்.

இளமருத்துவர்: நான் யார் பக்கமும் பேசவில்லை.

வலிசிகிச்சைச் செவிலியர்: போன மாதம் மார்ஃபினோடு மலமிளக்கியும் எழுத வேண்டும் என்றபோதும், ஐயா, "அது செவிலியர் வேலை" என்று என்னை மட்டம் தட்டினீர்கள், அதை நான் மறக்கவில்லை. 90 எச்சரிக்கைப் பலகைதான், சுவர் அல்ல.

மருந்தாளுநர்: மலச்சிக்கலை இங்கே இழுக்க வேண்டாம். பலகையைப் படிக்காதவர்களுக்குச் சுவர்தான் வேண்டும்.

வலிசிகிச்சைச் செவிலியர்: அந்தச் சுவரில் மோதியவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். நீங்கள் அல்ல.