பி.பி. மெஷினுக்கு ரீசார்ஜ் செல் போடலாமா?

வணக்கம். அம்மாவின் பி.பி. பார்க்கும் மெஷினுக்கு நான்கு பென்சில் செல் வேண்டும். தினம் இரண்டு வேளை பார்ப்பதால் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது. பையனின் ரிமோட் காருக்கு அது தனிக் கணக்கு. போதாக்குறைக்குப் போன வாரம் ஏசி ரிமோட்டைத் திறந்தால், அல்கலைன் செல் கசிந்து ஸ்பிரிங் முழுக்க வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்த பிறகுதான் ரிமோட் வேலை செய்தது.

அதிலிருந்து ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லுக்கு மாறிவிடலாம் என்று யோசனை. புது அல்கலைன் 1.5 வோல்ட், இது 1.2 வோல்ட். ஆனால் அல்கலைன் ஓட ஓட இறங்கிக்கொண்டே போகும். இது தீரும் வரை ஏறக்குறைய 1.2-லேயே நிற்கும். அதனால் பொம்மைக் காருக்கு இதுதான் சரி. சுவர்க் கடிகாரத்துக்குத் தேவையில்லை, ஒரு செல் போட்டால் வருஷம் ஓடிவிடுகிறது.

குழப்பமெல்லாம் பி.பி. மெஷினில்தான். நான்கு சேர்ந்தால் 6-க்குப் பதில் 4.8 வோல்ட்தான் வரும். கைப்பட்டையில் காற்று ஏறும்போது பேட்டரி இல்லை என்று காட்டி நின்றுவிடுமோ? அம்மா தனியாக இருக்கும் நேரத்தில் அப்படி ஆனால் பதறிவிடுவார்.

யாராவது போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அப்புறம், யூஎஸ்பியில் சார்ஜ் ஆகும் 1.5 வோல்ட் லித்தியம் செல் எப்படி? ஒருமுறை சார்ஜ் செய்தால் எத்தனை நாள் வருகிறது என்றும் சொல்லுங்கள்.