ஒன்றரை ஷிப்டுக்கு அப்புறம் ஒயர் கூடை: எப்போது உட்காருகிறீர்கள்?

திருப்பூர்க்காரி:
பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒன்றரை ஷிப்டு என்றால் காலை எட்டரைக்கு உள்ளே போய் ராத்திரி எட்டுக்குத்தான் வெளியே. வந்து சமைத்து, பிள்ளைகளின் வீட்டுப்பாடம் பார்த்து நிமிர்ந்தால் கண் சொருகுகிறது. அம்மா கற்றுக்கொடுத்த சிவன் கண் கூடை ஒன்றை மெரூனும் சந்தன நிறமுமாக ஆரம்பித்தேன். பாதியோடு அட்டாலியில் கிடக்கிறது. எடுத்தால், எந்த ஒயர் எதற்கடியில் போக வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது. மாமியார், "கடையில வாங்கிக்கலாம் சாமி, எதுக்குக் கண்ணைக் கெடுத்துக்கறே?" என்கிறார். அக்கறையாகத்தான் சொல்கிறார், ஆனாலும் சுருக்கென்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மதுரை அக்கா:
தங்கச்சி, ராத்திரியில் சிவன் கண்ணைத் தொடாதே. அது முழுக் கவனம் கேட்கிற பின்னல். அதை லீவு நாளுக்கு ஒதுக்கிவிட்டு, சாதா முடிச்சுக் கூடை ஒன்று தனியாக ஆரம்பி.

அதிலும் மூளை வேலை, கை வேலை என்று இரண்டு உண்டு. ஒயரை அளந்து வெட்டுவது, நிறம் பிரிப்பது, அடி போடுவதெல்லாம் மூளை வேலை. அடியில் முடிச்சு எண்ணிக்கை தப்பினால் கூடை கோணிக்கொள்ளும். அதை ஞாயிறு மத்தியானம் முடித்துவிடு. பக்கம் ஏற ஆரம்பித்தால் அப்புறம் சுற்றிச் சுற்றி அதே முடிச்சுதான், குக்கர் விசில் எண்ணிக்கொண்டே போடலாம். இழுத்து இறுக்கின முடிச்சு அவிழாது. சின்னது அழுதால் அப்படியே போட்டுவிட்டு எழுந்து போ, ஓட்டு ஒயர், அதாவது முடிச்சுப் போட்டுக்கொண்டே சுற்றி வருகிற ஒயர், நிற்கிற இடமே அடையாளம். ஒயர் நுனியை மட்டும் சாய்வாகக் கத்தரித்து வைத்துக்கொள், இறுக்கமான முடிச்சிலும் சுலபமாக நுழையும்.

கூடையைக் கண்ணில் படுகிற மாதிரி ஆணியில் மாட்டு. ஏணி போட்டு இறக்க வேண்டிய கூடையை யார் எடுப்பார்கள்?

காரைக்குடி ஓலை:
ஒயர்க்காரர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமை. நான் பனை ஓலைக் கொட்டான் முடைகிறேன். காய்ந்த ஓலையை மடித்தால் ஒடியும். நனைத்து, ஈரத்துணியில் சுற்றிப் பதமாக வைத்திருக்க வேண்டும். நினைத்த நேரத்தில் எடுத்து, நினைத்த நேரத்தில் வைக்கிற கதையே இல்லை.

ஆனால் மதுரை அக்கா சொல்வது போல் துண்டு துண்டாகச் செய்ய எனக்கு மனசு வராது. "ஓலை நனைச்சிட்டேன்" என்று நான் சொன்னால் வீட்டில் அன்றைக்குக் காபியை அவர்களே போட்டுக்கொள்கிறார்கள். திருப்பூர்த் தங்கைக்கும் அப்படி ஒரு சாக்கு வேண்டும்!

நைட் டியூட்டி:
நான் செக்யூரிட்டி வேலை. பகலில் ஒயர் நாற்காலி பின்னுவேன். ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன், ஆர்டர் எடுக்காதீர்கள். 2019 ஜனவரி 1 முதல் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்த பிறகு எங்கள் தெருவில் ஒயர் கூடை கேட்பவர்கள் அதிகம். நன்றாகத்தான் இருக்கும், காசும் வரும். கூடவே தேதியும் வரும். உங்களுக்கு ஒன்றரை ஷிப்டு இரண்டு ஷிப்டாகிவிடும். முதல் கூடையை மாமியாருக்கே கொடுங்கள், சந்தைக்கு எடுத்துப் போகட்டும்.

திருப்பூர்க்காரி:
மாமியாருக்கா? அண்ணா, கில்லாடிதான் நீங்கள்! சரி, சாதா முடிச்சில் ஆரம்பிக்கிறேன். மதுரை அக்கா, கைப்பிடிக்குள் டியூப் வைக்கணுமா, ஒயர் மட்டும் போதுமா?

மதுரை அக்கா:
சந்தைக்கூடை என்றால் டியூப் வை. வெங்காயம், தேங்காய் கனத்துக்கு வெறும் ஒயர் கையை அறுக்கும். சாப்பாட்டுக் கூடைக்கு ஒயரே போதும்.