எம்பிஏ படிக்கப் போய் காப்பிக் கொட்டைக்கு வந்த கதை: உங்கள் கதையும் சொல்லுங்கள்

அல்சூர்க்காரன் எழுதியது:

வெளிநாட்டில் எம்பிஏ முடித்தவன் என்றாலே பெங்களூரில் கேட்கும் கேள்வி, "கன்சல்டிங்கா, பேங்கா?" இரண்டும் இல்லை. பச்சைக் காப்பிக் கொட்டை ஏற்றுமதியில் இருக்கிறேன். ஐடி வேலையை விட்டு ஹாம்பர்க் போனபோது, சப்ளை செயின் என்று ஏதாவது கார் கம்பெனியில் ஒட்டிக்கொள்ளலாம் என்பதுதான் கணக்கு. ஆனால் வகுப்பு ஆங்கிலத்தில், ஊர் ஜெர்மனில். எங்கே விண்ணப்பித்தாலும் மொழியில் வந்து நின்றது.

கைச்செலவுக்காக, காப்பி இறக்குமதி செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தின் சாம்பிள் அறையில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தேன். (மாணவர்கள் அப்போது வருடத்துக்கு 120 முழு நாள் அல்லது 240 அரை நாள் வேலை பார்க்கலாம், 2024 மார்ச்சிலிருந்து அது 140, 280 ஆகிவிட்டது.) சாம்பிளை எடைபோடுவது, வறுப்பது, கப்பிங் (காப்பியை ருசித்துத் தரம் பார்ப்பது) மேஜையில் கோப்பைகளை அடுக்குவது, எல்லோரும் உறிஞ்சித் துப்பிவிட்டுப் போனதும் கழுவுவது, இவ்வளவுதான் வேலை.

அங்கே ஓய்வு பெறும் வயதில் ஒரு வியாபாரி இருந்தார். நான் பெங்களூர் என்றதும் அவர் கேட்டது ஐடி பற்றி இல்லை, "மான்சூன்ட் மலபார் எப்படிச் செய்கிறார்கள், பார்த்திருக்கிறாயா?" என்று. நான் பெயரே கேள்விப்பட்டதில்லை. அந்தக் காலத்தில் நம் ஊர்க் காப்பி பாய்மரக் கப்பலில் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் போகும்போது ஈரக்காற்றில் கொட்டை ஊதி வெளுத்துப் புளிப்புக் குறைந்துவிடுமாம், ஐரோப்பாக்காரர்களுக்கு அந்த ருசியே பழகிவிட்டதாம். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்து நீராவிக் கப்பலும் வந்தபிறகு கொட்டை சீக்கிரமே, பச்சையாகவே வந்து இறங்க, பழைய ருசியைத் தேட ஆரம்பித்திருக்கிறார்கள். அதனால்தான் இன்றைக்கும் மங்களூர்ப் பக்கம் பக்கச்சுவர் இல்லாத கிடங்குகளில் கொட்டையைப் பரப்பி, ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்றில் ஊறவிடுகிறார்கள். இதையெல்லாம் ஒரு ஜெர்மன்காரர் சொல்லித்தான் நான் கேட்டேன். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே பில்டர் காப்பிதான், ஆனால் சிக்கரி எவ்வளவு போடுவது என்பதைத் தாண்டி அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அதற்கப்புறம் வகுப்பில் தூக்கம் வரவழைத்த டெரிவேடிவ்ஸ் (பின்னால் தரும் சரக்குக்கு இப்போதே விலை பேசும் ஒப்பந்தங்கள்) பாடத்துக்கே உயிர் வந்துவிட்டது. காப்பியில் இரண்டு வகை: ரோபஸ்டாவுக்கு லண்டன் சந்தை, டன்னுக்கு இத்தனை டாலர், ஒரு ஒப்பந்தம் 10 டன். அரபிகாவுக்கு நியூயார்க், பவுண்டுக்கு இத்தனை சென்ட், ஒரு ஒப்பந்தம் 37,500 பவுண்டு. குடகுத் தோட்டக்காரர் பேசுவதோ 50 கிலோ மூட்டைக்கு இத்தனை ரூபாய் என்று. இந்தக் கணக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து, விலை ஏறினாலும் இறங்கினாலும் கை சுடாமல் பார்த்துக்கொள்வதுதான் ஏற்றுமதிக்காரன் வேலை. எம்பிஏ எனக்கு வேலை வாங்கித் தரவில்லை, வாங்குகிறவன் மேஜையிலிருந்து நம் சரக்கு எப்படித் தெரிகிறது என்பதைக் காட்டியது, அதற்குத்தான் நான் காசு கொடுத்தேன் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஊருக்குத் திரும்பி, காப்பி வாரியம் நடத்தும் ஒரு வருட தர மேலாண்மை டிப்ளமோவும் படித்தேன். முதல் கட்டம் சிக்மகளூர் மாவட்டம் பாலெஹொன்னூரில், செடியிலிருந்தே ஆரம்பிப்பார்கள். "காப்பி குடிச்சுப் பார்க்கவா ஜெர்மனி வரைக்கும் போனே" என்று அம்மா இன்னும் கேட்கிறாள்.

வாணியம்பாடிப் பொண்ணு (இப்போது ஆர்.டி.நகர்) எழுதியது:

அண்ணா, உங்க கதை அப்படியே என் கதை, சரக்குதான் வேற. தோல் பதனிடும் ஷெட் வாசனையிலேயே வளர்ந்தவள் நான், அந்தப் பக்கமே போகக்கூடாது என்றுதான் அப்பா என்னை இன்டர்நேஷனல் பிசினஸ் படிக்க இங்கிலாந்து அனுப்பினார். அனுப்பிய ஊர் நார்தாம்ப்டன்! ஷூவுக்கே பேர் போன ஊர், அங்கே கால்பந்து அணிக்குச் செல்லப்பெயரே 'காப்ளர்ஸ்', அதாவது செருப்புத் தைப்பவர்கள். அதே பல்கலைக்கழகத்தில் தோல் தொழில்நுட்பமும் சொல்லித் தருகிறார்கள், என்னோடு வீட்டில் இருந்த பெண்ணுக்கு அதுதான் படிப்பு. அவள் ராத்திரி சாப்பிடும்போது பேசுவது முழுக்க குரோமியம்.

பதனிடும்போது போடுவது குரோமியம் 3, அதில் பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் சூடு, வெயில், தோலில் ஏற்றும் சில எண்ணெய்கள், இதெல்லாம் சேர்ந்தால் அதில் கொஞ்சம் குரோமியம் 6 ஆக மாறலாம். ஐரோப்பாவில் 2015 மே முதல், உடம்பில் படுகிற தோல் பொருளில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். இங்கே சோதனையில் தேறிய தோல், கன்டெய்னர் வெக்கையில் கிடந்து அங்கே போய்ச் சோதனையில் விழவும் கூடும். வாங்குகிற கம்பெனிக்கும் ஷெட்டுக்கும் நடுவில் இதைப் புரியும்படி பேச ஆள் குறைவு என்று எனக்குப் பட்டது, ஆய்வறிக்கையும் அதிலேயே எழுதினேன். இப்போது பெங்களூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு சப்ளையர்களைப் பார்க்கிறேன், மாதம் பாதி ஆம்பூர், ராணிப்பேட்டை. அப்பா முதலில் பேசவே இல்லை. இப்போது லேப் ரிப்போர்ட் வந்தால் எனக்கு போன் போட்டுப் படிக்கச் சொல்கிறார்.

வைட்ஃபீல்டு வாசி எழுதியது:

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கடன் வாங்கிப் போகிறவனுக்கு "எதிர்பாராத பாதை" என்பதே பயம்தான் சார். 7.5 லட்சத்துக்கு மேல் கடன் என்றால் பெரும்பாலும் வீட்டுப் பத்திரத்தை வை என்கிறார்கள். என் தம்பி அடுத்த வருடம் ஜெர்மனி போகிறான், கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேட்கிறேன், சம்பளம் கட்டுப்படியாகிறதா?

அல்சூர்க்காரன் எழுதியது:

கூச்சம் எதற்கு சார். ஐடியிலேயே இருந்திருந்தால் இதைவிட நிறைய வாங்கியிருப்பேன். கடன் இன்னும் ஓடுகிறது, பழைய வரி முறையில் இருப்பதால் கல்விக் கடன் வட்டிக்கு வரிக் கழிவு கிடைக்கிறது, அதுவும் 8 வருடம்தான். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கட்டணம் இல்லை, எம்பிஏவுக்கு மட்டும் தீட்டிவிடுவார்கள், அதனால் தம்பிக்கு சாதாரண மாஸ்டர்ஸ் கிடைத்தால் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள், ஜெர்மன் மொழியை மட்டும் இங்கிருந்தே பி1 (நடுத்தர நிலை) வரைக்கும் முடித்துவிட்டுப் போகட்டும். மீதியைத் தனிச்செய்தியில் கேளுங்கள், குடகில் தோட்டம் தோட்டமாக நிலத்தின் ஜிபிஎஸ் எடுக்கும் வேலையில் மாட்டியிருக்கிறேன். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழித்துப் போட்ட தோட்டம் இல்லை என்று ஐரோப்பாவுக்குக் காட்ட வேண்டுமாம். அந்தச் சட்டம் அமலுக்கு வரும் தேதியை அவர்கள் தள்ளித் தள்ளிப் போடுகிறார்கள், வாங்குகிறவர்கள் மட்டும் இப்போதே கேட்கிறார்கள்.